மாவுக்கட்டு அக்கா வாங்கிய திட்டு

மருமகனிடம் தொழில் பழகப் போகும் மாமியார் முதல் நாள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தப் பழமொழியும் சொல்லி வைக்கவில்லை. நம்முடைய மாமியார் பழமொழிகள் எல்லாம் மருமகளோடு நின்றுவிட்டன. ஆகவே மாவுக்கட்டு அக்கா தனக்குத் தெரிந்த மட்டில், ஒரு அளவு பெரிதான புது பூட்ஸை மாட்டிக்கொண்டு, தலையில் மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. லிப்ட் இன்னும் வரவில்லை, அதற்கான குழி மட்டும் வந்திருந்தது.

மாவுக்கட்டு அக்கா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். எலும்பு முறிவுப் பிரிவில் பத்தொன்பது வருடம் மாவுக்கட்டுப் போடும் அறையில் உதவியாளராக இருந்தவள். கை, கால், விரல், ஒரு முறை ஒரு நாய்க்குட்டி என்று அவள் கட்டுப் போடாத உருப்படி இல்லை. அப்புறம் கழற்றி மாட்டும் பெல்ட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அந்த அறையில் இப்போது அந்தப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதில் வேலை போனது.

கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இருப்பது ஒரே மகள். "எங்க வீட்டுக்கே வந்துடும்மா" என்று மகள் கூப்பிட்டாள், மனசாரத்தான் கூப்பிட்டாள். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். நாலாவது நாள் முதல் ஆயுசு முடியும்வரை மகள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. தன் ஒற்றை அறை வாடகை வீடும், அதன் சாவியும் தன் கையிலேயே இருக்க வேண்டும்.

அப்போதுதான் தொழில் பயிற்சி நிலையத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டது. வீட்டு உள்வேலை: பலகைச் சுவர் பொருத்துவது, பட்டி பார்ப்பது, வண்ணம் அடிப்பது. இரண்டு வருடப் பயிற்சி, சம்பளத்தோடு. வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்காவுக்கு நாற்பத்தாறு பிறக்க நாலு மாதம் பாக்கி இருந்தது. முதல் ஆறு வாரம் சோதனைக் காலம், அதன் முடிவில் ஒரு தேர்வு. அதில் தேறினால்தான் இரண்டு வருடம். தோற்றவர்கள் அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போடலாம். அக்காவுக்கு மட்டும் அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

இடம் கிடைத்தது. யாருக்கு எந்த மாஸ்டர் என்று பட்டியல் ஒட்டியபோதுதான் தலையில் இடி விழுந்தது. அவள் மாஸ்டர் அவளுடைய மாப்பிள்ளை. மாற்றித் தரச் சொல்லி இரண்டு பேருமே தனித்தனியாகப் போய்க் கேட்டார்கள். அலுவலகத்து ஆள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பா, அம்மா, அண்ணன், தம்பின்னா மாத்தலாம். மாமியாருக்கு இதுல கட்டமே இல்லீங்களே" என்றார்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. தங்கமான மனிதர். கல்யாணமான ஆறு வருடத்தில் அத்தையின் முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை. சாப்பிடும்போது இரண்டாம் தடவை தண்ணீர் வேண்டுமென்றால்கூட மனைவியைப் பார்த்துத்தான் கேட்பார். அதே மனிதர் வேலை இடத்தில் வாயைத் திறந்தால் மூன்றாவது மாடியில் குழாய் வேலை பார்ப்பவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாரோ என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அக்காவுக்கு இது அன்றைக்குக் காலைவரை தெரியாது.

"நாடாவை ஒட்டச் சொன்னேனா, தொங்கவிடச் சொன்னேனா? இது என்ன கொடியா?" என்று யாரிடமோ கத்திக்கொண்டே அறையிலிருந்து வெளியே வந்தவர், அக்காவைப் பார்த்ததும் பாதி வார்த்தையை விழுங்கினார். காலி வண்ண டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

"வாங்க அத்தை. உக்காருங்க. படியில பாத்து வந்தீங்களா?"

அவருக்குப் பின்னால் இரண்டு அப்ரண்டிஸ்கள் வாய் பிளந்து நின்றார்கள். ஒருத்தி சுருட்டை, தொப்பிக்குள் அடங்காத முடி, இருபத்திரண்டு வயது. மற்றவன் ஒட்டகம், முன்னாள் லாரி டிரைவர், மேல்கூரை மூலைக்கு ஏணியே வேண்டாத உயரம். அரை மணி முன்னாலேயே வந்து, மாஸ்டரிடம் திட்டைத் தவிர வேறு எதையும் கேட்டிராதவர்கள் அவர்கள்.

பார்த்தால் எளிய வேலைதான். தகரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகைகளைத் திருகாணி போட்டுப் பொருத்த வேண்டும். இரண்டு பலகை சேரும் இடுக்கில் பட்டி என்னும் ஜிப்சம் பசையை நிரப்பி, அதன்மேல் காகித நாடாவை ஒட்டி, அதற்கு மேல் இரண்டு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பு. கடைசியில் இடுக்கு எங்கே இருந்தது என்று பலகையைப் பொருத்தியவனே சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதபடி சுவர் ஒன்றாகிவிட வேண்டும். மாஸ்டர் மற்ற இருவரையும் சுவரோரம் நிறுத்தி, பட்டித் தகட்டை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று கையைப் பிடித்துத் திருகாத குறையாகச் சொல்லிக் கொடுத்தார். அக்காவிடம் வந்ததும் குரல் பஞ்சாகிவிட்டது.

"உங்களுக்குத் தெரியாததா அத்தை. மாவு உங்களுக்குப் பழகினதுதானே. நீங்க பாத்துப் பண்ணுங்க."

அக்காவும் நம்பிவிட்டாள். மாவுக்கட்டின் மாவும் ஜிப்சம்தான், அது அவளுக்குப் பத்தொன்பது வருடச் சிநேகிதம். உடைந்த இடம் இரண்டு பலகைக்கு நடுவில் இருக்கிறது, அதற்கு ஒரு கட்டுப் போட வேண்டும், அவ்வளவுதானே. அவள் போட்டாள். நாடாவின் மேல் ஒரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று, நடுவில் பலமாக, அசையாதபடி. எலும்பு கூடும் இடத்தில் கனம் கொடுத்தால்தான் கட்டு நிற்கும்.

"நல்லா இருக்கு அத்தை" என்றார் மாப்பிள்ளை. தினமும் அதையே சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது "நீங்க கிளம்புங்க அத்தை, நான் பூட்டிட்டு வரேன்" என்பார். பயிற்சிப் புத்தகத்தில் அவள் பக்கம் முழுக்க "நன்று, நன்று" என்று நிரம்பியது. சுருட்டையின் பக்கத்தில் "மறுபடி" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

"மாமியா உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க" என்று சுருட்டை ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னாள். "இங்க மருமக நான்தான்."

"பொறாமைப்படாதே" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

நாலாவது வாரம் ஒரு மதியம் மகள் போன் பண்ணினாள்.

"ஏம்மா, உங்க சைட்ல அப்படி என்னதான் வேலை? தினம் எட்டு மணிக்குத்தான் வரார். வந்ததும் தோள்பட்டை வலிக்குதுன்னு தைலத்தைத் தேடறார். நீயும் அவ்வளவு நேரம் நிக்கறியா?"

"நான் அஞ்சு மணிக்கே கிளம்பிடறேனே" என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் "கொஞ்சம் நெருக்கடி" என்று வைத்துவிட்டாள்.

பூட்டுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும் பூட்டு எது என்று அன்றைக்கெல்லாம் யோசித்தாள். கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். இரண்டாவது படுக்கையறையில், ஜன்னலுக்குப் பக்கத்து இடுக்கில், நாடாவுக்கு அடியில் காற்றை விட்டு ஒரு கொப்புளத்தை வேண்டுமென்றே எழுப்பி, அதன் மேலேயே பட்டியைப் பூசினாள். குருடன்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். மாப்பிள்ளை அந்த வழியாக இரண்டு தடவை போனார். "நல்லா இருக்கு அத்தை" என்றார்.

மறுநாள் காலை அவள்தான் முதலில் வந்தாள். கொப்புளம் இல்லை. நாடா புதிது. பூச்சு மூன்று கை அகலத்துக்கு மெல்லிசாகப் பரவி, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருந்தது. கீழே பெருக்கிய தடம் இருந்தது, பெருக்கித் தள்ளிய வெள்ளைத் தூள் ஒரு மூட்டை மூலையில் இருந்தது. அந்தத் தூள் அத்தனையும் நேற்றுவரை அவளுடைய சுவரில் இருந்ததுதான்.

அவள் மாஸ்டரின் விளக்கை எடுத்தாள். சுவருக்குப் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் அதை வைத்தால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும். மேடு இருந்தால் அதன் நிழல் விழும். நேற்றைய சுவர்கள் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாள், ஒரு நிழல் இல்லை. பிறகு பக்கத்து இடுக்கில் தானே ஒரு பூச்சு இழுத்து, அதில் வைத்துப் பார்த்தாள். இடுக்கு நெடுக வீங்கிய கால் மாதிரி ஒரு மேடு கூரைவரை போனது. அவள் நாலு வாரமாகப் போட்டது பட்டி இல்லை, மாவுக்கட்டு.

வெட்கம் காதுவரை ஏறியது. அதற்குப் பின்னால் பயம் வந்தது. தேர்வுக்குப் பத்து வேலை நாள் இருந்தது, அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

டீ நேரத்தில் மாப்பிள்ளையை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை, அந்த ஜன்னல் பக்கம் நான் வேணும்னேதான் கொப்புளம் விட்டேன்."

அவர் டீக் கோப்பைக்குள் பார்த்தார்.

"எத்தனை நாளா நடக்குது?"

"முதல் நாள்லேருந்து."

"எல்லாச் சுவரையுமா தேச்சுத் திரும்பப் போட்டீங்க?"

"எல்லாத்தையும் இல்ல அத்தை. குளியலறைக் கதவுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு, ரெண்டடி அகலம். அது நல்லாவே வந்திருந்துச்சு."

கோபப்பட வேண்டும் என்றுதான் அக்கா வந்திருந்தாள். அந்த இரண்டடியைக் கேட்டதும் கோபத்துக்கு வழி தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படி அத்தை சொல்றது? எனக்குத் திட்டித்தான் சொல்லிக் கொடுக்கத் தெரியும். நான் கத்துக்கிட்டதும் அப்படித்தான். உங்களை அந்த மாதிரி பேசிட்டு, ஞாயித்துக்கிழமை உங்க எதிர்ல உக்காந்து எப்படிச் சாப்பிடறது?"

"நான் தோத்துட்டா மட்டும் எப்படிச் சாப்பிடுவீங்க? தேர்வு அன்னைக்கு சுவரை ராத்திரி வந்து தேய்க்க முடியுமா?"

அவர் ஆறிய டீயைப் படியோரம் வைத்தார்.

"இனிமே என் சுவரை நீங்க தொடக்கூடாது. ஒரு விரல் படக்கூடாது. என்ன தப்புன்னு வாயால சொல்லுங்க."

"சரி அத்தை" என்றார். பாதி வாக்கைக் காப்பாற்றினார். சுவரை அவர் தொடவில்லை, ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனார். ஆனால் வாயால் சொல்லும் பாதி வரவே இல்லை. வந்ததெல்லாம் சாடைப் பேச்சு. அக்காவின் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, பக்கத்து அறையில் இருக்கும் ஒட்டகத்தைப் பார்த்துக் கத்துவார்.

"நடுவுல இவ்வளவு கனமா யாராவது போடுவாங்களா? ஓரத்தை மெல்லிசா இழுத்து விடணும்னு தெரியாதா?"

"மாஸ்டர், அது என் சுவர் இல்ல" என்று அங்கிருந்து குரல் வரும்.

"எவன் சுவரா இருந்தா என்ன? கேட்டுக்கோ."

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். ஒட்டகத்துக்குக் கை கால் எதுவும் படாமலே குற்றம் வந்தது. "அக்கா, உங்க திட்டையும் சேத்து நானே வாங்கறேன். கொஞ்சம் நல்லாப் பண்ணுங்க" என்று கெஞ்சினான். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஆனால் பக்கத்து அறைக்கு அனுப்பிய திட்டிலிருந்து எவ்வளவு பொறுக்கிக்கொள்ள முடியும். எங்கே கனம், எந்த ஓரம், தகட்டை எப்படிச் சாய்ப்பது, எதுவும் நேராக வந்து சேரவில்லை. மேடு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாவது நாள் காலையில் கரண்டுக்காரர் வந்தார். அந்த வாரம் அக்கா ஒருத்தியாகவே பலகை பொருத்திப் பட்டி பார்த்து முடித்திருந்த சமையலறைக்கும் கூடத்துக்கும் சுவிட்ச் மாட்டும் வேலை. அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், வீட்டு எண்ணைப் பார்த்தார், மறுபடி உள்ளே போனார்.

"மாஸ்டர்" என்று கூப்பிட்டார். "இந்த வீட்டுல கரண்டு வேண்டாம்னுட்டாங்களா?"

மாஸ்டர் வந்து பார்த்தார். சுவர் நெடுக வழுவழுவென்று இருந்தது. ஒரு பெட்டி இல்லை. சட்டத்துக்குள் ஆறு சுவிட்ச் பெட்டிகள் கம்பியோடு உட்கார்ந்திருக்க, ஆறின் மேலும் பலகை, நாடா, இரண்டு பூச்சு. இரும்புப் பெட்டி என்றால் ஒரு காந்தமே காட்டிக் கொடுத்திருக்கும். இவை பிளாஸ்டிக்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன்" என்றார் கரண்டுக்காரர். "ஆறு பெட்டியைச் சுவத்துல மறைச்சு இப்பத்தான் பாக்கறேன்."

சுருட்டையும் ஒட்டகமும் வாசலில் வந்து நின்றார்கள். அக்கா கையில் பட்டித் தகட்டோடு நின்றாள். மாப்பிள்ளையின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. வழக்கம்போல் ஒட்டகத்தின் பக்கம் திரும்பினார். ஒட்டகம் இரண்டு கையையும் மேலே தூக்கினான். திரும்பிய தலை மெல்ல அக்காவின் பக்கம் வந்தது.

"அத்தை, உங்களுக்கு மூளை இருக்கா?"

மூன்றாவது மாடியில் குழாயைத் தட்டும் சத்தம் நின்றது.

"பலகையைத் தூக்கி வைக்கறதுக்கு முன்னாடி, பெட்டி எங்க இருக்குன்னு தரையில அளவு எழுதணுமா வேண்டாமா? கீழேருந்து எவ்வளவு உயரம், மூலையிலேருந்து எவ்வளவு தூரம். எழுதினீங்களா?"

"எழுதணும்னு எனக்குத் தெரியாதே."

"தெரியலைன்னா கேக்கணும். வாய் எதுக்கு இருக்கு? பெட்டிக்கு ஓட்டை எல்லாம் தானா வரும்னு நினைச்சீங்களா?"

"ஆமா" என்றாள் அக்கா. "இத்தனை நாளும் தானாத்தானே வந்துச்சு. சாயங்காலம் பலகையை வச்சுட்டுப் போவேன், காலையில வந்தா ஓட்டை இருக்கும். கரண்டுக்காரர் வந்து வெட்டிட்டுப் போறார்னு நினைச்சேன்."

கரண்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. அளவு எழுதியதும் அவர், ஓட்டை வெட்டியதும் அவர், எல்லாம் அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது. தொடாதே என்று அவள் சொன்ன நாளிலிருந்து அதையும் நிறுத்தியிருந்தார், ஆனால் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. தப்பு தன் பேரில்தான் என்று தெரிந்தது. தெரிந்து என்ன பண்ணுவது, திறந்த வாய் மூட மாட்டேன் என்றது.

"அது நான் வெட்டினது. என்னோட முட்டாள்தனம் அது. நீங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. தகட்டைப் பிடிக்கறீங்களே, அது என்ன கரண்டியா? இடுக்குல போய்க் குவியல் குவியலாக் கொட்டறீங்க. இது கால் இல்ல அத்தை, சுவரு. இதுக்கு நடக்கற வேலை கிடையாது, கனம் எதுக்கு? தேய்க்கும்போது ஒரே எடத்துல நின்னு தேய்ச்சு நாடா கிழியற வரைக்கும் விட மாட்டேங்கறீங்க. திருகாணித் தலையை மூடறதே இல்ல. நாலு வாரமாச் சொல்லணும்னு தொண்டையில நிக்குது."

ஒவ்வொரு வாக்கியத்திலும் "நீங்க" இருந்தது, "அத்தை" இருந்தது. மரியாதைக்கு ஒரு குறைவில்லாமல் ஒரு மனிதரை இவ்வளவு கேவலமாகத் திட்ட முடியும் என்பதை அந்தக் கட்டடம் அன்றைக்குத்தான் கண்டது.

அக்கா அசையாமல் நின்றாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, நிம்மதியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பார்த்திருக்கிறாள். பிழைக்க வேண்டிய நோயாளியை டாக்டர் திட்டுவார். ஏன் காலை ஊன்றினாய், ஏன் மருந்தை விட்டாய் என்று வாங்கு வாங்கென்று வாங்குவார். கைவிட்டுவிட்ட நோயாளியிடம்தான் எல்லோரும் மென்மையாகப் பேசுவார்கள், தலையணையைச் சரிசெய்வார்கள், நல்லா இருக்கீங்க என்பார்கள். நாலு வாரமாக அவளைச் சுற்றி அந்த மென்மைதான் இருந்தது. இப்போது அது போய்விட்டது.

மாப்பிள்ளை மூச்சு வாங்க நிறுத்தினார். தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது மெதுவாக அவர் முகத்தில் இறங்கியது.

"அத்தை..." என்றார்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்கு."

"அப்ப சொல்லுங்க. நிறுத்தாதீங்க."

அவர் சொன்னார். கால் மணி நேரம் சொன்னார். கரண்டுக்காரர் கவிழ்த்துப் போட்ட டப்பாவில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

பெட்டிகளைத் தேடிப் பிடிக்க மதியம் ஆனது. வரைபடத்தை வைத்துக்கொண்டு, தட்டிப் பார்த்து, சின்ன ஓட்டையாகப் போட்டுப் பார்த்து, ஆறு பெட்டிக்குப் பதினொரு இடத்தில் சுவரைத் திறந்தார்கள். தவறாகத் திறந்த ஐந்து ஓட்டையையும் அக்காவே அடைக்க வேண்டும் என்று மாஸ்டர் உத்தரவு போட்டார். அவர் பக்கத்தில் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. "மெல்லிசா. இன்னும் மெல்லிசா. வெளியில இழுங்க, இன்னும் வெளியில. சொன்னது காதுல விழுதா?" அக்கா போட்டாள், தேய்த்தாள், விளக்கை வைத்துப் பார்த்தாள், வழித்து எடுத்து மறுபடி போட்டாள். மூன்றாவது ஓட்டையில் கை கண்டுகொண்டது. கட்டுப் போடும்போது கடைசியில் உள்ளங்கையால் ஈரக் கட்டை நீவுகிறோமே, அந்த அழுத்தம்தான் தகட்டுக்கும் வேண்டியது. கனம்தான் வேண்டாம். நாலாவது ஓட்டையை மாஸ்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போனார். அக்கா அந்த ஒன்றும் சொல்லாததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "இவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று மகள் கேட்டாள். "திருகாணித் தலையை ரெண்டு தடவை மூடணுமா, மூணு தடவையான்னு கேளு" என்றாள் அக்கா. "மூணு" என்றார் மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி. பிறகு இரண்டாம் தடவை தண்ணீரை நேராக அக்காவிடமே கேட்டு வாங்கினார்.

தேர்வு மூன்று நாள் நடந்தது, ஒவ்வொரு பூச்சும் காய வேண்டுமே. ஆளுக்கு ஒரு சுவர். அதில் இரண்டு இடுக்கு, ஒரு மூலை, ஒரு சுவிட்ச் பெட்டி. மாஸ்டர்கள் தேர்வு நடக்கும் மாடிக்கு வரக்கூடாது என்பது விதி. மூன்றாவது நாள் மதியம் தேர்வு அதிகாரி வந்தார், கையில் விளக்கும் காதில் பென்சிலுமாக, அக்காவைவிடச் சின்ன வயதுப் பெண்மணி. குறை கண்ட இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார். ஐந்து வட்டம்வரை தேர்ச்சி, ஆறு என்றால் வெளியே.

சுருட்டைக்கு இரண்டு வட்டம். ஒட்டகத்துக்கு நாலு. அக்காவின் சுவருக்கு வந்ததும் அதிகாரி முதலில் தரையைப் பார்த்தார். பெட்டியின் அளவு அங்கே, எதிர்வீட்டுக்காரர்கூடப் படிக்கும் அளவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. "இவ்வளவு பெருசா எழுத வேண்டாம்" என்றார்.

விளக்கு சுவரை உரசிக்கொண்டு நகர்ந்தது. முதல் இடுக்கில் ஒரு வட்டம். இரண்டாவதில் ஒன்று. பெட்டியைச் சுற்றி எதுவும் இல்லை. மூலையில் விளக்கு நின்றது. மூன்று. கொஞ்சம் கீழே, நாலு. அதற்கும் கீழே, ஐந்து. அக்கா தன் விரல்களைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி இன்னும் குனிந்தார். தரைக்கு ஒரு சாண் மேலே ஒரு சின்ன நிழல் இருந்தது, அக்காவுக்கே தெரிந்தது. பென்சில் காதிலிருந்து இறங்கியது. அதிகாரி கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். அது தூள். விரலோடு வந்துவிட்டது. சுவர் அடியில் சமமாக இருந்தது.

"தேர்ச்சி" என்று எழுதினார். "மூலையைக் கவனிங்க."

சுருட்டை கட்டிப்பிடித்ததும், ஒட்டகம் தொப்பியைத் தட்டியதும் அக்காவுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. பெரிதான பூட்ஸ் தடதடக்கப் படி இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எத்தனை வட்டம்?"

"அஞ்சு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தோற்றிருந்தால் ஒரு வேலைதான் போயிருக்கும். இவரோ, சொல்லிக் கொடுக்காமல் தோற்கடித்தவன் என்று அவள் மகளின் முகத்தில் தினமும் விழித்திருக்க வேண்டும்.

"ஆறா இருந்தா நான் வீட்டுக்கே போயிருக்க மாட்டேன் அத்தை. வாரம் முழுக்கத் தூக்கம் இல்ல."

"எனக்கும்தான்."

ஒரு ஆள் இடம் விட்டு அவளும் அதே படியில் உட்கார்ந்தாள். கீழே யாரோ பலகையை இழுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார், அதிலிருந்த பட்டித் தூள் நெற்றியில் ஒட்டியது. பிறகு அவர் புருவம் சுருங்கியது.

"அஞ்சு அதிகம் அத்தை" என்றார். "எந்த எடம்?"

"மூலையில மூணு."

"அதானே பாத்தேன். மூலைன்னு வந்தா உங்களுக்குக் கை நடுங்குது, அவசரப்படறீங்க. நாளைக்கு ஏழு மணிக்கு வந்ததும் பழைய பலகையில இருபது மூலை போடுங்க. முடிச்சுட்டுத்தான் டீ."

"இருபதா?"

"முப்பதாக்கட்டுமா?"

அக்காவுக்கு அழுகை வந்தது. இன்னும் இரண்டு வருடம் இந்த மனிதரிடம் இப்படித் திட்டு வாங்கலாம் என்று நினைத்ததும் அதையும் தள்ளிக்கொண்டு சிரிப்பு வந்தது. எழுந்து, நாளைக்கு வேண்டிய பலகைகளை இப்போதே எடுத்து வைக்க மறுபடி மாடி ஏறினாள்.